ஆர்டர் வண்டி

காதைத்தானே பாக்குறீங்க? நல்லாப் பாருங்க சார், தப்பில்ல. டிக்கெட் கிழிச்ச கண்டக்டரும்தான் பாத்தாரு. இந்தப் பக்கம் மேல்பாதி கிடையாது. கேக்கவும் கேக்காது. நீங்க ஏதாச்சும் சொல்லணும்னா கொஞ்சம் சத்தமாச் சொல்லணும். இல்ல, பரவாயில்ல, பேசப்போறது நான்தான். தாராபுரம் வரைக்கும் வருவீங்கள்ல? போதும்.

அருவா பட்டது. அட, தள்ளி உக்காராதீங்க சார். நான் சண்டைக்காரன் இல்ல. நாப்பத்தி நாலு வயசாச்சு, இந்தக் கையால ஒருத்தரை ஒரு அடி அடிச்சதில்ல. வீட்டுல பிள்ளைங்களைக்கூடத் தொட்டதில்ல. கார் விக்கிறவன் நான். வித்தவன். பேரு அமலதாஸ். திண்டுக்கல்ல ஒரு ஷோரூம்ல பதினாறு வருஷம். ஷோரூம் பேரு வேண்டாம், இப்ப எதுக்கு அது. என்னைய அனுப்பிட்டாங்க. அதுதான் சார் என் வயித்தெரிச்சலே. காது போனதைக்கூட விட்டுருவேன்.

முன்னாடியெல்லாம் கார் விக்கிறது எப்படின்னா, பின்னாடி யார்டுல நாப்பது அம்பது வண்டி வெயில்ல காஞ்சுக்கிட்டு நிக்கும். ஆளு வருவாரு. நீலம் இருக்கான்னு கேப்பாரு. இருக்கிறது வெள்ளையா இருக்கும். வெள்ளைதான் சார் நம்ம ஊரு வெயிலுக்குன்னு சொல்லி, அன்னைக்கே சாவியக் கையில குடுத்து அனுப்பிருவோம். அவர் ஆசைப்பட்டது ஒண்ணு, ஓட்டிக்கிட்டுப் போனது ஒண்ணு. அதுக்குப் பேரு வியாபாரம்.

போன வருஷம் கம்பெனியில மாத்திட்டாங்க. இனிமே யார்டுல வண்டி கிடையாது, ஆர்டர் மட்டும்தான்னு. கஸ்டமர் உக்காந்து ஒவ்வொண்ணாச் சொல்லணும். என்ன கலரு, கூரைக்குத் தனிக் கலரா, சீட்டு துணியா லெதரா, சக்கரம் எப்படி, மேல கண்ணாடி திறக்கணுமா வேண்டாமா. சொன்னதுக்கப்புறம்தான் ஃபேக்டரியில அந்த வண்டியைச் செய்யவே ஆரம்பிப்பாங்க. வந்து சேர பத்து வாரம், பன்னெண்டு வாரம். எங்க பசங்க எல்லாம் தலையில கை வச்சுட்டானுங்க. இன்னைக்குக் கேட்டு இன்னைக்கு வாங்குற ஊர்ல மூணு மாசம் எவன் காத்திருப்பான்?

ஆனா எனக்கு முதல் மாசத்துலயே ஒண்ணு புரிஞ்சுபோச்சு சார். ஆர்டர் எடுக்கறது பெரிசே இல்ல. காத்திருக்கிற அந்த மூணு மாசம்தான் வேலை. அதுக்குள்ள அவர் மனசு ஆறிடக் கூடாது. ஆறினா கேன்சல். இட்லிச் சட்டி மாதிரி, கீழ தீ இருந்துக்கிட்டே இருக்கணும். வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணணும், வாட்ஸப்புல பேசி அனுப்பணும். நான் நல்லாப் பேசுவேன். மாதா கோயில்ல வாசகம் வாசிக்கிறவன், குரல் கொஞ்சம் எடுப்பா இருக்கும்.

வைகாசி மாசம். ஒட்டன்சத்திரத்துல இருந்து நாச்சிமுத்துன்னு ஒருத்தர் வந்தாரு. காய்கறி மண்டி வச்சிருக்கிறவரு. அம்பது வயசு இருக்கும், நல்ல கனத்த ஆளு, கழுத்துல துண்டு, காலெல்லாம் தக்காளிச் சாறு காஞ்சு ஒட்டியிருக்கு. பழைய ஜீப்புல வந்து இறங்கினாரு. வெள்ளை வண்டி வேணும்னாரு.

நான் சொன்னேன், "அண்ணே, உங்க மார்க்கெட்டுல வெள்ளை வண்டி எத்தனை நிக்குது? உங்க வண்டி எதுன்னு நீங்களே தேடணும். வேண்டாண்ணே. உங்களுக்குன்னு ஒண்ணு செஞ்சு தரச் சொல்லுவோம். செம்பு கலரு, மேல கூரை மட்டும் கருப்பு. இந்த ஜில்லாவுலயே உங்களுதுதான் முதல்."

"ஜில்லாவுலயேவா?"

"எழுதித் தரவா?"

அவரு கம்ப்யூட்டர்ல அந்த வண்டிப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. சின்னப்புள்ள மாதிரி சிரிச்சாரு சார். கோவக்காரருன்னு ஊரே சொல்லும், அப்படிச் சிரிச்சாரு. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு.

மூணாவது வாரமே போன். "தம்பி, பழனியில ஒருத்தன் ரெடியா வண்டி வச்சிருக்கானாம். வெள்ளைதான். நாளைக்கே எடுத்துக்கலாங்கிறான். உன்னுது வேண்டாம், விட்டுரு."

பாத்தீங்களா? ஆறிப்போச்சு. நான் மறுநாள் காலையில பைக்கை எடுத்துக்கிட்டு நேரா ஒட்டன்சத்திரம். அங்க போனப்பத்தான் கதையெல்லாம் தெரிஞ்சுது. இவருக்கு ஒரு தங்கச்சி, ருக்குமணி. தங்கச்சி புருஷன் குப்புராஜு. மச்சானும் மாப்பிள்ளையும் பதினோரு வருஷம் ஒரே மண்டியை சேர்ந்து நடத்தினவங்க. ஒரே தட்டுல சாப்பிட்ட மாதிரி இருந்திருக்காங்க. அதுக்கு முந்தின வருஷம் ஏதோ லோடு அழுகி வந்ததுல பேச்சு முத்தி, இவரு அவரை ஓங்கி ஒரு அறை. மூட்டை தூக்குற அத்தனை ஆளுக முன்னாடி. குப்புராஜு வாயில ரத்தத்தோட நடந்து வெளியே போனவர்தான், எதிர் வரிசையில தனியா மண்டி போட்டுட்டாரு. அன்னையிலிருந்து பேச்சு வார்த்தை இல்ல. நடுவுல இருபதடி ரோடு. இந்தப் பக்கம் மச்சான், அந்தப் பக்கம் மாப்பிள்ளை.

டீக்கடையில நின்னு இதைக் கேட்டேன். டீயைக் குடிச்சேன். ரோட்டைத் தாண்டி குப்புராஜு மண்டிக்குப் போனேன்.

அதுல என்ன சார் தப்பு? வாடிக்கை தேடிப் போறவன் எந்தக் கடைக்கும் போகலாம்.

குப்புராஜு அப்படியே எதிர்மாதிரி ஆளு. ஒல்லி, வெள்ளைச் சட்டை, மெதுவாப் பேசுவாரு. உக்காரச் சொல்லி டீ வரவழைச்சாரு. கார் எல்லாம் இப்ப வேண்டாம், புள்ளைக்குக் கல்யாணம் வருதுன்னாரு. நான் எந்திரிச்சுக்கிட்டே சும்மா சொன்னேன், "பரவாயில்லண்ணே. எதிர்த்தாப்புல அண்ணன் ஒண்ணு ஆர்டர் போட்டிருக்காரு, அதைப் பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

அவரு கையில டீ கிளாஸ் இருந்துச்சு. அது உடைஞ்ச சத்தம்தான் எனக்குக் கேட்டுச்சு. கீழ விழல சார், கையிலயே உடைஞ்சுது. அப்படிப் புடிச்சிருக்காரு. உள்ளங்கை கிழிஞ்சு ரத்தம் மணிக்கட்டு வழியா சட்டைக்குள்ள போகுது. மொகத்துல ஒண்ணுமே இல்ல. அதே மெதுவான குரல்ல கேட்டாரு, "என்ன கலரு?"

சொன்னேன்.

"அதுல இல்லாதது என்ன இருக்கு?"

"மேல கண்ணாடி திறக்கிற மாதிரி ஒண்ணு இருக்குண்ணே. உக்காந்தபடியே வானம் பாக்கலாம்."

"அதே கலரு. அந்தக் கண்ணாடியோட எனக்கு ஒண்ணு. அவனுக்கு முன்னாடி வரணும்."

அங்கேயே ஃபாரத்தை எடுத்தேன். அந்தக் கையாலேயே கையெழுத்துப் போட்டாரு, பேப்பரெல்லாம் ரத்தம். அது ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்கன்னு வேற ஃபாரம் எடுத்து, துணி சுத்தினதுக்கப்புறம் மறுபடி வாங்கிட்டேன். எப்பவும் கூடுதலா நாலு ஃபாரம் வச்சிருப்பேன், அது என் பழக்கம்.

ரோட்டைத் தாண்டி வந்து நாச்சிமுத்துகிட்ட, பழனிக்குப் போறதுன்னா போங்கண்ணே, எதிர்க்கடையிலயும் செம்பு கலரு ஆர்டர் ஆயிருச்சு, உங்க இடத்தை அவருக்குக் குடுத்துடறேன்னேன். அவ்வளவுதான். பழனிப் பேச்சு அன்னையோட போச்சு.

சார், அடுத்த ஆறு வாரம் மாதிரி நான் வியாபாரம் பண்ணினதே இல்ல. ஃபேக்டரியில வண்டி லைனுக்குப் போற வரைக்கும் ஆர்டரை மாத்தலாம்னு ஒரு வசதி இருக்கு. இவரு லெதர் சீட்டு சேத்தாரு. அவருக்குச் சொன்னேன். அவரு பெரிய சக்கரம் சேத்தாரு. இவருக்குச் சொன்னேன். இவரு உள்ள கலர் கலரா எரியற லைட்டு. அவரு கதவைத் திறந்தா தரையில பேரு விழற மாதிரி ஒரு வெளிச்சம். நான் ஒண்ணும் வற்புறுத்தல. இவர்கிட்ட இருக்கிறதை அவருக்கும், அவர்கிட்ட இருக்கிறதை இவருக்கும் சொன்னேன். கேக்கறவங்களுக்கு ஒளிவுமறைவு இல்லாம சொல்றதுதானே நியாயம்?

நடுவுல ஒரு நாள் போறேன், நாச்சிமுத்து மண்டிக்குள்ள ஒரே கூட்டம். குப்புராஜோட டிரைவர் ஒருத்தன், ராசுன்னு பேரு, இவர் கடை வாசல்ல வண்டியை நிறுத்திட்டு, "எங்க முதலாளி வண்டி வரட்டும், உங்க முதலாளி ஜீப்பைப் பாத்ரூமுக்குப் பக்கத்துல போட வேண்டியதுதான்"னு சொல்லிட்டானாம். நாச்சிமுத்து அவனை மூட்டை தூக்குற கொக்கியால அடிச்சுக்கிட்டிருக்காரு. தோள்ல ஒண்ணு, முட்டியில ஒண்ணு. அவன் தக்காளிப் பெட்டி மேல விழுந்து, எது தக்காளி எது ரத்தம்னு தெரியல. ஒருத்தரும் கிட்ட போகல. நானும் போகல, எனக்கு அங்க என்ன உரிமை இருக்கு? ஓரமா நின்னேன். அடிச்சு முடிச்சுட்டு, குழாயில கையைக் கழுவிட்டு, துண்டால துடைச்சுக்கிட்டு வந்தாரு. "என்ன தம்பி?"ன்னாரு. அப்பத்தான் லைட்டுக்கான கையெழுத்தை வாங்கினேன். சமயம் பாத்துப் பேசத் தெரியணும் சார்.

ராசுவுக்கு இன்னும் முட்டி மடங்காதாம். பாவம்.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு நாச்சிமுத்தோட ஜீப்பு எரிஞ்சுது. பட்டப்பகல்ல, மார்க்கெட்டு நடுவுல. போலீஸ் வந்துச்சு, யாரும் பாக்கலைன்னாங்க. நான் உடனே போன் போட்டேன், "அண்ணே, விடுங்க, பழசு போனா என்ன, புதுசு வருதுல்ல"ன்னு. ஆறுதலா நாலு வார்த்தை.

ஆடி மாசக் கடைசியில ஷோரூமுக்கு ருக்குமணி வந்தாங்க. தங்கச்சிக்காரி. முந்தானையை இழுத்துப் போத்தியிருந்தாங்க, ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழ ஊதாவா இருந்துச்சு. பல்லுவலியா இருக்கும்னு நினைச்சேன். சில பேருக்கு கடவாப்பல்லு வந்தா அப்படி வீங்கும்.

"அண்ணே, வண்டி வேண்டாம்னு நான் அவர்கிட்ட சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்கிறாரு. உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன். ரெண்டு வண்டியையும் ஒரே நாள்ல குடுத்துடாதீங்க. ஒண்ணை அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளுங்க."

"அதுக்கென்னம்மா, பாத்துக்கலாம்"னேன்.

"சத்தியமாண்ணே?"

"நான் பாத்துக்கறேம்மா."

காபி வாங்கிக் குடுத்தேன். குடிக்கல. வாயைத் திறக்க முடியல போல.

நான் தள்ளத்தான் நினைச்சேன் சார், கர்த்தர் மேல ஆணையா. ஆனா நிலைமையைப் பாருங்க. ரெண்டு வண்டியும் ஆடியிலயே ஒரே லாரியில வந்து இறங்கிருச்சு. ஆடியில எவனும் புது வண்டி எடுக்க மாட்டான். ஆவணியில முதல் முகூர்த்தம் ஒரு வியாழக்கிழமை. அதை விட்டா அடுத்தது மாசம் மாறிப்போயிரும். அந்த மாசம் மேனேஜருக்கு நான் எட்டு வண்டின்னு வாக்குக் குடுத்திருக்கேன். ஒண்ணு தள்ளினா ஏழு. பதினாறு வருஷத்துல நான் சொன்ன வாக்கு தவறினதில்ல.

நாச்சிமுத்துவுக்கு ஒம்பதரை, குப்புராஜுக்குப் பதினொண்ணுன்னு நேரம் பிரிச்சுக் குடுத்தேன். ஒண்ணரை மணி நேரம் இடைவெளி. இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன செய்வான்? நீங்கதான் முதல் டெலிவரின்னு ரெண்டு பேருக்கும் சொல்லியிருந்தேன். அது ஒரு சந்தோஷத்துக்குச் சொல்றது.

நாச்சிமுத்து ஒம்பதரைக்கு வரல. அவர் வர்ற வழியில ஏதோ கோயில்ல நின்னு பூஜை போட்டிருக்காரு. பத்தே முக்காலுக்கு ரெண்டு வேன்ல ஆளுகளோட வந்து இறங்கினாரு. திருஷ்டிப் பூசணிக்காய், எலுமிச்சம்பழம், தேங்காய், எல்லாம் வெட்ட ஒரு அருவா. அதுக்குள்ள குப்புராஜும் வந்தாச்சு, இருபது நிமிஷம் முன்கூட்டியே. பொண்டாட்டி, காலேஜ் படிக்கிற மக காவ்யா, பத்துப் பன்னெண்டு ஆளுக.

உள்ள ரெண்டு வண்டி பக்கத்துல பக்கத்துல நிக்குது, மேல சிவப்புப் பட்டுத்துணி போத்தி. ஹால்ல அவ்வளவு பேரு. ஏ.சி. ஓடுற சத்தம்தான் கேக்குது. ருக்குமணி என்னைய ஒரு பார்வை பாத்தாங்க சார். நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன். வேலை நேரத்துல அதையெல்லாம் பாக்க முடியுமா?

எங்க பசங்க பயந்துபோய் ரெண்டு துணியையும் ஒண்ணா இழுத்துட்டானுங்க.

ரெண்டும் ஒரே செம்பு கலரு. ஒரே கருப்புக் கூரை. அப்படி மின்னுது. நாச்சிமுத்து தன் வண்டியைப் பாத்தாரு, அந்த வண்டியைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "ஜில்லாவுலயே முதல்னியே"ன்னாரு. கத்தல, சாதாரணமாத்தான் கேட்டாரு.

அதுக்குள்ள குப்புராஜு தன் வண்டியில ஏறி உக்காந்து பட்டனை அமுக்கிட்டாரு. மேல கண்ணாடி மெதுவா விலகுது. அவரு சீட்டு மேல ஏறி, கூரை வழியா இடுப்பு வரைக்கும் வெளிய வந்து நின்னாரு. ஒண்ணரை வருஷம் கழிச்சு மச்சான்கிட்ட பேசின முதல் பேச்சு சார் அது. எல்லாருக்கும் கேக்கற மாதிரி, சிரிச்ச முகத்தோட சொன்னாரு.

"மச்சான், உங்க வண்டியில வானம் தெரியுமா?"

நாச்சிமுத்து பூசணிக்காய்ப் பக்கத்துல இருந்த அருவாளை எடுத்ததை நான் பாக்கல. முன்பக்க பானட் மேல அவர் கால் வச்ச சத்தம்தான் கேட்டுச்சு. அவ்வளவு கனத்த ஆளு, ஒரே எட்டுல மேல ஏறிட்டாரு. தகடு அமுங்குற சத்தம். எனக்கு நெஞ்சு நின்னுபோச்சு.

குப்புராஜு கீழ குனியப் பாத்தாரு. இடுப்பு மாட்டிக்கிச்சு. முதல் வெட்டு தோள்ல. ரெண்டாவதுக்குக் கையைத் தூக்கினாரு, கையில பட்டுச்சு. அவரு கத்தினது இன்னும் இந்த நல்ல காதுல கேக்குது. பொம்பளைங்க கத்துறாங்க. ஆளுக ஆளுகளோட கட்டிப் புரளுறானுங்க. ஒருத்தன் கையில இருந்த தேங்காயாலயே இன்னொருத்தன் வாயில அடிச்சான். எங்க வரவேற்புல இருக்கிற பொண்ணு மேஜைக்கு அடியில போயிருச்சு. கண்ணாடிச் சுவரு மொத்தமா இறங்கிச்சு. தரையெல்லாம் பூவும் குங்குமமும் கண்ணாடியும். ருக்குமணி "அண்ணா, அண்ணா"ன்னு அவரு காலைப் பிடிச்சுத் தொங்குறாங்க. அவரு காலை உதறினதுல தூரப் போய் விழுந்தாங்க.

நான் ஓடினேன் சார். ஓடிப்போய் அந்த வண்டி மேல குறுக்க விழுந்தேன், ரெண்டு பேருக்கும் நடுவுல. "அண்ணே வேண்டாம், அண்ணே வேண்டாம்"னு கத்தினேன். அப்பப் பட்டதுதான் இது.

மறுநாள் பேப்பர்ல போட்டிருந்தான், உயிரைக் கொடுத்துத் தடுக்கப் பாத்த ஊழியர்னு. ஆஸ்பத்திரியில சிஸ்டருங்க வந்து வந்து பாத்தாங்க. எங்க சாமியார் வந்து ஜெபம் பண்ணினாரு. நீங்க முன்பின் தெரியாதவரு, உங்ககிட்ட உண்மையைச் சொல்றதுல என்ன இருக்கு. நான் வண்டிக்காகத்தான் சார் விழுந்தேன். அதுக்கு இன்னும் நம்பர்கூட வரல. கூரைக் கண்ணாடி சுத்தி அப்படியே கீறல் விழுந்துக்கிட்டு வருது. பதினோரு வாரம் ஒவ்வொரு நாளா எண்ணிச் செய்ய வச்ச வண்டி. மனசு தாங்கல.

குப்புராஜு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உயிரோட இருந்தாராம். உள்ள கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

நாச்சிமுத்து அங்கேயே உக்காந்திருந்தாரு, தன் வண்டிக் கதவுல சாஞ்சு, தரையில. போலீஸ் வந்து எந்திரிக்கச் சொன்னப்ப சொன்னாராம், "மாப்ளைக்கு யாராச்சும் தண்ணி குடுங்க"ன்னு.

எனக்கு முப்பத்தாறு தையல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பாத்தா கம்பெனி லெட்டர் ஒண்ணு காத்திருக்குது, ஒரே நேரத்துல ரெண்டு டெலிவரி வச்சது தப்புன்னு. வச்சது ஒரே நேரமில்ல சார், ஒண்ணரை மணி நேர இடைவெளி! எவனும் கேக்க மாட்டேங்கிறான். அந்த சீசன்ல மத்த பசங்க எல்லாம் ஆர்டர் கேன்சல் ஆகி முழிச்சுக்கிட்டிருந்தானுங்க. என் கஸ்டமர் ஒருத்தர் கேன்சல் பண்ணலையே. ஒரு ஷீல்டு குடுக்க வேண்டாம், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

சரி, இன்னைக்குக் கதைக்கு வரேன்.

நேத்து ருக்குமணி போன் பண்ணினாங்க. "அண்ணே, ஒரு தடவை வீட்டுக்கு வந்துட்டுப் போங்க"ன்னு. அந்த வண்டியைக் கோர்ட்டு விட்டுருச்சாம், அதை என்ன பண்றதுன்னு கேக்கத்தான் கூப்புடறாங்கன்னு நினைச்சேன். வித்துக் குடுத்தாக்கூட ஒரு உதவிதானே. காலையில முதல் பஸ் புடிச்சு வந்தேன்.

வீட்டுல அவங்களும் மகளும் மட்டும்தான். வண்டி வாசல்ல நிக்குது, மழையில நனைஞ்சு, கூரையில பிளாஸ்டிக் ஒட்டியிருக்கு. பாக்கச் சகிக்கல. "முதல்ல சாப்பிடுங்கண்ணே"ன்னு இலை போட்டாங்க. கத்தரிக்கா குழம்பு, அவரைக்கா பொரியல், அப்பளம். எதிர்த்தாப்புல உக்காந்துக்கிட்டாங்க.

சோத்துல கை வச்சுப் பிசைஞ்சுட்டேன். அப்பக் கேக்குறாங்க.

"எங்க அண்ணன் என்ன வண்டி வாங்குறாருன்னு எங்க வீட்டுக்காரருக்கு யாருண்ணே சொன்னது?"

"மார்க்கெட்டுல இந்த மாதிரி சமாச்சாரம் நிக்குமாம்மா? யாராச்சும் சொல்லியிருப்பாங்க."

"யாராச்சும்னா?"

"எனக்கெப்படிம்மா தெரியும்?"

அவங்க மகளைப் பாத்தாங்க. அந்தப் புள்ள காவ்யா உள்ள போயி ஒரு போனை எடுத்துட்டு வந்துச்சு. குப்புராஜோட போன். திரையில விரிசல் விட்டிருந்துச்சு. இலைக்குப் பக்கத்துல வச்சு ஒரு இடத்தைத் தொட்டுச்சு.

என் குரல்.

"அண்ணே, வணக்கம். உங்க மச்சான் லெதர் சீட்டு சேக்கச் சொல்லிட்டாரு. இன்னைக்குச் சாயங்காலத்தோட லைன் மூடிருவாங்க. நாம சும்மா இருக்கலாமாண்ணே?"

அது முடிஞ்சு அடுத்தது. அதுக்கடுத்தது. மொத்தம் பதினெட்டு இருந்துச்சு சார். பதினெட்டையும் போட்டுச்சு அந்தப் புள்ள. குரல் நல்லாத்தான் இருந்துச்சு, தெளிவா. கடைசி ஒண்ணு, டெலிவரிக்கு முந்தின நாள் அனுப்பினது. "அண்ணே, வானம் பாக்குற கண்ணாடி உங்களுது மட்டும்தான். அவரு முகம் எப்படிப் போகுதுன்னு நாளைக்குப் பாப்போம்." அதைக் கேட்டப்ப மட்டும் தண்ணி குடிச்சேன்.

'நாம'ன்னு சொல்றதெல்லாம் ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுக்கறதும்மா, கஸ்டமர்கிட்ட அப்படித்தான் பேசணும்னு விளக்கிப் பாத்தேன். அந்தப் புள்ள கேட்டுச்சு, "எங்கப்பா செத்ததுக்கு அப்புறமும் அந்த வாரம் ஒண்ணு அனுப்பியிருக்கீங்களே அங்கிள், அதுவும் ட்ரெய்னிங்கா?"

அது தானா போறது சார். உங்க புது வண்டி எப்படி இருக்குன்னு கம்பெனியிலிருந்து என் பேர்ல எல்லாருக்கும் போகும்.

"சாப்பிடுங்கண்ணே"ன்னாங்க ருக்குமணி. "வீணாக்காதீங்க."

நான் சாப்பிட்டேன். அவங்க பாத்துக்கிட்டே இருந்தாங்க. கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டேன். கைகழுவத் தண்ணி ஊத்துறப்பத்தான் சொன்னாங்க, ரொம்பச் சாதாரணமா.

"எங்க அண்ணன் ஜாமீன்ல வந்துட்டாரு, தெரியுமாண்ணே? மதுரையில தங்கி தினமும் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடறாரு. போன வாரம் போயிருந்தேன். அவரை மன்னிக்க முடியல. ஆனா இதை அவரும் கேக்கணும்னு தோணுச்சு. பதினெட்டையும் போட்டுக் காட்டினேன்."

"என்ன சொன்னாரும்மா?"

"இன்னொரு தடவை போடச் சொன்னாரு. அப்புறம் உங்க வீடு எந்தத் தெருன்னு கேட்டாரு."

"நீங்க சொன்னீங்களா?"

"எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேண்ணே."

மதுரையில கையெழுத்துப் போடற கண்டிஷன் நாளையோட முடியுதாம்.

திண்டுக்கல்லுக்குத் திரும்பிப் போகல சார். பொண்டாட்டிக்குப் போன் போட்டு, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிரு, கேள்வி கேக்காதேன்னுட்டேன். ஒட்டன்சத்திரம் ஸ்டாண்டுல முதல்ல வந்த கோயம்புத்தூர் பஸ் இதுதான். மாத்துச் சட்டைகூட இல்ல. அங்க ஒரு சிநேகிதன் இருக்கான், ஷோரூம்லதான்.

நான் கேக்கறேன் சார், நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. சொந்த அண்ணன், கோவக்காரன்னு தெரியும். கையில அருவா எடுத்த ஆளுன்னு தெரியும். ஒரு இடத்துல கேட்டதை இன்னொரு இடத்துல கொண்டுபோய் வச்சா என்ன நடக்கும்னு ஒரு பொம்பளைக்குத் தெரியாதா? இப்படியா சார் ஒருத்தரு பேச்சை எடுத்துக்கிட்டுப் போய் இன்னொருத்தர்கிட்ட சொல்லுவாங்க?

என்ன சார், எந்திரிக்கிறீங்க? தாராபுரத்துக்கு இன்னும் தூரம் இருக்கே.